ஒரு கரண்டியும் கழுவாத சமையல்

ஜூன் மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தென்காசியில் மேல்காற்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மலை இடுப்பு வரை மேகத்தைப் போர்த்திக்கொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. வெயில் ஒரு கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. இவற்றுக்கு நடுவே, சல்லடையில் சலித்து விட்டது போல, பொடிப்பொடியாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

அந்த நீருக்கு என்ன பெயர் என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

"மழை பெய்யுது. பின்னால பாத்திரமெல்லாம் நனையுது. ஆளுக்கு ரெண்டு நடையா உள்ள எடுத்து வச்சிரலாம், வாங்க" என்றாள் நாச்சியார்.

"அது மழை இல்ல. சாரல்" என்றார் பால்வண்ணநாதன்.

அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவையில் பணியாற்றி, சென்ற தை மாதம் ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பெயரிட்டாலொழிய அவருக்கு உறக்கம் வராது. துளி எவ்வளவு பெரியதாக இருந்தால் மழை, எவ்வளவு சிறியதாக இருந்தால் சாரல் என்று அவரிடம் ஒரு கணக்கு உண்டு. பொதுவாகவே தென்காசிக்காரர்கள் சீசன் நாளில் விழும் நீரை மழை என்று ஒப்புக்கொள்வதில்லை. குடை பிடிப்பவரை வெளியூர்க்காரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பால்வண்ணநாதனோ ஒரு படி மேலே போய், சாரலில் நனைந்த சட்டையை ஈரம் என்றே சொல்லமாட்டார்.

"சாரலே இருக்கட்டும். பாத்திரம் நாப்பத்தொண்ணு. நேத்து வந்த உங்க கோவில்பட்டிக் கூட்டாளி குடும்பம் ஒம்போது பேரு தின்னது. ராத்திரி பத்து மணி வரைக்கும் தேச்சேன். இனிமே இந்த சீசனுக்கு இந்த வீட்டுல விருந்தாளி கெடையாது."

பால்வண்ணநாதன் கையிலிருந்த கைப்பேசியைக் கீழே வைத்தார். ஓய்வுபெற்ற பிறகு அவர் அதைக் கீழே வைத்தது அதுவே முதல் முறை.

விஷயம் சாதாரணமானதன்று. ஆண்டில் பத்து மாதம் பால்வண்ணநாதனை யாரும் தேடுவதில்லை. அருவியில் தண்ணீர் விழத் தொடங்கியதும் தமிழ்நாடே அவரை நினைத்துக்கொள்ளும். "அண்ணே, தண்ணி விழுதா?" என்று மதுரையிலிருந்து கேட்பார்கள். "சித்தப்பா, கூட்டம் எப்படி?" என்று சென்னையிலிருந்து கேட்பார்கள். "வாங்க, நம்ம வீடு இருக்கு, அஞ்சே கிலோமீட்டர்" என்று அவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே அவர் மீதி பத்து மாதத்தையும் உயிரோடு கழித்துவந்தார். இப்போது அதற்குத் தடை.

"ஏட்டி, அக்கா முத்துவடிவுகிட்ட வரச் சொல்லிட்டேனே."

"நீங்க வரச் சொல்லுதிய. நான் வடிச்சுக் கொட்டுதேன். இந்த வீட்டுக்குக் குடி வந்து இருபத்தினாலு வருசமா அருவிக்கு அஞ்சு கிலோமீட்டர்ல இருக்கேன். சீசன்ல ஒரு நாள் தலைய நீட்டினது உண்டா? வந்தவங்க குளிச்சிட்டு ஈரத்துணியக் கொண்டாந்து நம்ம கொடியில போடுதாவ. அந்தத் துணியில சொட்டுத தண்ணிதான் எனக்குக் குத்தாலம்."

இதற்கு நியாயமான பதில் ஒன்று உண்டு, அது மௌனம். பால்வண்ணநாதனுக்கு அது தெரியாது.

"பாத்திரம் ஏன் சேருது? திட்டம் இல்ல, அதான் சேருது. அளந்து செஞ்சா சமையல் ஒரு வேலையே இல்ல. வெளிநாட்டுல காட்டுக்குள்ள கூடாரம் போட்டு, ஒரு பாத்திரம் இல்லாம மூணு வேளையும் ருசியாச் சமைச்சுத் தின்னுட்டு, அலுமினியத் தாளச் சுருட்டி எறிஞ்சிட்டு வாரான். நான் போன்ல பாத்துக்கிட்டேதான இருக்கேன்."

"பாக்கிய. ஜனவரியில இருந்து அதைத்தான் பாக்கிய."

"செஞ்சு காட்டவா? சலீம் தோப்பு சும்மாத்தான் கெடக்கு. கூடாரம் வாங்கிட்டேன். இன்னைக்கு மத்தியானம், ராத்திரி, நாளைக்குக் காலை. மூணு வேளை, நாலு பேரு. ஒரு கரண்டி கழுவ மாட்டேன்."

"கழுவினா?"

"இந்த சீசனுக்கு ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன்."

"கழுவாம ஜெயிச்சிட்டா?"

"யாரு வேணாலும் வருவாங்க. இந்த வீட்டுல பாத்திரத்தப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

நாச்சியார் மலையைப் பார்த்தாள். "சரி. பேச மாட்டேன்" என்றாள்.

முப்பத்தோராண்டு இல்லறத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாக எதற்கும் இணங்கியதில்லை. நில அளவையில் எல்லைக்கல் தானாக நகர்ந்து வந்து நின்றால் சந்தேகப்பட வேண்டும். பால்வண்ணநாதன் சந்தேகப்படாமல் கூடாரத்தைத் தேடிப் போனார்.

பக்கத்து வீட்டு முகம்மது சலீமும் அவர் மனைவி ஹஸீபாவும் இதில் நடுவர்களானார்கள். தோப்பு சலீமுடையது, ஐந்தருவிக்குப் போகும் வழியில் தென்னையும் மாவும் வாழையுமாக ஒன்றரை ஏக்கர். ஹஸீபா இருபது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். தீர்ப்பு என்றால் அவளுக்கு மகிழ்ச்சி.

"சட்டத்தத் தெளிவாச் சொல்லிருங்க அண்ணாச்சி. தோசைக்கல்லு பாத்திரத்துல சேருமா?" என்றாள்.

"கல்லு கல்லுதான், பாத்திரமில்ல. அத யாரும் கழுவுததும் இல்ல. வெங்காயத்த வெட்டி எண்ணெயத் தொட்டுத் துடைக்கதோட சரி."

"டம்ளர்?"

"காகித டம்ளர்."

"அரிசி எதுல ஊறப் போடுவிய?"

"பாலிதீன் பையில."

"பத்துக்கு எட்டு" என்றாள் ஹஸீபா. மீதி இரண்டு எதற்குக் குறைந்தது என்று அவள் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குத் தோப்பில் பச்சைக் கூடாரம் நின்றது. சாரல் நிற்கவில்லை. பால்வண்ணநாதன் நாடாவால் அளந்து, சரியாக இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு குழி வெட்டினார். மூன்று பக்கமும் கல் அடுக்கினார். தென்னம்மட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டு நெருப்பு மூட்டினார். ஊறிய அரிசி, நறுக்கிய காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, மசாலாப் பொடி, உப்பு, நெய் என்று எல்லாவற்றையும் ஆளுக்கொரு பொட்டலமாக அலுமினியத் தாளில் மடித்தார். மடிப்புகள் எல்லாம் செங்கோணத்தில் இருந்தன. தலைக்கு நூற்றிருபது கிராம் அரிசி. நாச்சியார் வீட்டில் போடும் அளவை அவர் முன்பே ஒரு வாரம் ஒளிந்திருந்து நிறுத்துப் பார்த்திருந்தார்.

"மேல ஒரு கீத்து கட்டிக்கிட்டா என்ன, அண்ணாச்சி? மழையில நெருப்பு நிக்காதே" என்றார் சலீம்.

"நீயுமாலே? அது மழை இல்ல. சாரல். சாரல் நெருப்ப அணைக்காது."

பொட்டலங்களைக் கனலில் புதைத்துவிட்டு நால்வரும் ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்றாள் நாச்சியார். தானே இருப்பதாகவும் சொன்னாள். நாச்சியார் இருந்தால் துணைக்குத் தானும் இருப்பதாக ஹஸீபா சொன்னாள். ஆண்கள் இருவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் ஒன்றரை மணி நேரம் அருவியில் நின்றார்கள்.

சீசன் அருவியில் தென்காசிக்காரர்கள் குளிப்பதில்லை. அது வெளியூர்க்காரர் கூட்டம் என்பது அவர்கள் எண்ணம். பால்வண்ணநாதனும் பதினைந்து வருடம் கழித்து அன்றுதான் நின்றார். ஆகவே அவர் ஒன்றை மறந்துபோயிருந்தார்: எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றவனுக்கு வருகிற பசி வேறு, வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருகிற பசி வேறு. தோப்புக்குத் திரும்பும்போது சாலையோரத்துப் பஜ்ஜி வாசனையில் அவர் கால்கள் இரண்டு முறை தாமாகவே திரும்பின. சலீம் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

தோப்பில் சாரல் தன் கடமையைச் செய்து முடித்திருந்தது. குழியில் அரையடித் தண்ணீர் நின்றது. நான்கு வெள்ளிப் பொட்டலங்களும் அதில் மிதந்தன.

"நெருப்பப் பாத்துக்கிடுதேன்னு சொன்னியே?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். மூணு தடவை அணைஞ்சுது. மூணு தடவையும் பாத்தோம்" என்றாள் நாச்சியார்.

பொட்டலத்தைப் பிரித்தார்கள். அரிசி அடியில் கரியாகவும் மேலே நாற்றங்காலில் விதைக்கும் பக்குவத்திலும் இருந்தது. பால்வண்ணநாதன் கரிக்கும் அரிசிக்கும் நடுவே ஏதாவது சோறு அகப்படுகிறதா என்று விரலால் எல்லை பிரித்துப் பார்த்தார். ஒரு கைப்பிடி தேறியது. நான்கு பேர், ஒரு கைப்பிடி.

"நடுவர் சொல்லுதேன். கழுவுன பாத்திரம் இல்ல. தின்ன சோறும் இல்ல" என்றாள் ஹஸீபா. "சாப்பாடுன்னு ஒண்ணு நடந்தாத்தான அண்ணாச்சி ஜெயிச்ச கணக்கு?"

பால்வண்ணநாதனின் முகத்தில் மதுரை, சென்னை, கோவில்பட்டி ஆகிய ஊர்களின் தொலைபேசி மணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அக்காவிடம் என்ன சொல்வது? "தண்ணி விழுது, ஆனா வராதீங்க" என்று ஒரு தென்காசிக்காரன் சொல்லலாமா?

அப்போது நாச்சியார் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சலீம் தம்பி, அந்த மோட்டார் அறை இறவாணத்துக்கு அடியில கல்லத் தூக்கிப் போடுங்க. அங்கன நனையாது. எளசும் முத்தலுமில்லாம அஞ்சாறு தேங்கா வெட்டிப் போடுங்க. ஏங்க, நீங்க வாழையெல நாலு அறுத்துட்டு வாங்க."

"நீ சமைச்சா அது என் கணக்குல வராதே."

"நான் எங்க சமைக்கேன்? வாயால சொல்லுதேன். நீங்க கையால செய்யுங்க. சட்டத்துல வாய்க்குத் தடை இல்லையே, ஹஸீபா?"

"இல்ல" என்றாள் ஹஸீபா உடனே.

தேங்காயின் கண் பக்கத்தைச் சீவித் துளையிட்டார்கள். உள்ளே இருந்த நீரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியோடு, பையில் மிச்சமிருந்த ஊறிய அரிசி, நாச்சியார் கூடையில் கொண்டுவந்திருந்த பாசிப்பருப்பு, மிளகு, உப்பு ஆகியவற்றை நிரப்பி, வாழையிலைத் துண்டைத் திருகி அடைத்துக் கனலில் நிற்க வைத்தார் பால்வண்ணநாதன். அது வேகும் வரை பசி தாங்க, நனைத்த அவலில் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் பிசைந்து இலையில் தின்றார்கள். இரண்டு பெரிய கத்தரிக்காய்கள் கனலில் சுருங்கிக் கறுத்தன. தோலை உரித்து, சிரட்டையில் போட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புளி, உப்பு, ஒரு சுற்றுத் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கையால் பிசைந்தார். அப்பளத்தைக் குச்சியில் கோத்துக் கனலில் காட்டினார். மூன்றரை மணிக்குத் தேங்காயை உடைத்தபோது, ஒவ்வொரு பருக்கையும் தேங்காய்ப் பாலைக் குடித்து, புகை மணத்தோடு வெள்ளை வெளேரென்று வந்தது. பலா இலையை மடித்துக் குச்சி குத்திக் கரண்டியாக்கி வழித்துத் தின்றார்கள். தின்று முடித்து இலையையும் சிரட்டையையும் எருக்குழியில் போட்டார்கள்.

"எப்படி?" என்றார் பால்வண்ணநாதன். இலையில் கை வைத்த கணத்திலேயே அந்தச் சமையல் முழுதும் அவருடையதாகிவிட்டிருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கிய" என்றாள் நாச்சியார்.

பந்தயத்தில் எதிரில் நிற்பவள் இப்படிப் பேசினால் சிந்திக்க வேண்டும். அவர் இரண்டாவது தேங்காயை வழித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஆறரைக்கு அடுத்த வேளை. கடை மாவுப் பொட்டலத்தின் முனையை வெட்டி, தோசைக்கல்லில் நேரடியாக ஊற்றி, சிரட்டையின் பின்புறத்தால் தேய்த்தார். பொட்டலம் காலியானதும் சுருட்டி எறியலாம்; மாவுச் சட்டி இல்லை, அகப்பை இல்லை. தோசை வட்டமாக வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வட்டமாக வந்தன. வெற்றி அவர் தலைக்கு ஏறியது.

"இப்ப ஒரு புதுசு" என்று சொல்லி, ஒரு கை கருப்பட்டியை உடைத்துத் தோசைமேல் தூவினார்.

கருப்பட்டி உருகியது. தோசையைத் தாண்டி ஓடியது. கொதித்தது, கறுத்தது, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது. வெங்காயத்தை வெட்டித் தேய்த்தார், வெங்காயம் ஒட்டிக்கொண்டது. சிரட்டையால் சுரண்டினார், சிரட்டை முறிந்தது. இன்னும் ஆறு தோசை சுட வேண்டும். பால்வண்ணநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கல்லை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு, வாய்க்கால் பக்கம் மெல்ல நடந்தார்.

"எங்க போறிய?"

வாய்க்கால் ஓரத்தில் நாச்சியார் முன்பே நின்றுகொண்டிருந்தாள்.

"சும்மா. காத்தாட."

"தோசைக்கல்லும் காத்தாட வருதாக்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடிந்தது. அக்கா, கோவில்பட்டி, சீசன், எல்லாம்.

"அதத் தண்ணியில முக்கினியனா தோத்துருவிய" என்றாள் நாச்சியார் தணிந்த குரலில். "கொண்டாங்க இங்க. கனல்ல கவுத்திப் போடுங்க. கருப்பட்டி எரிஞ்சு சாம்பலாப் போவும். பெறகு தேங்காநாரால ஒரு தேய்ப்பு, ஒரு சொட்டு எண்ணெய். தண்ணியே வேண்டாம்."

அப்படியே ஆயிற்று. கால் மணி நேரத்தில் கல் புதிதாகப் பழகிய கல்லாகப் பளபளத்தது. பால்வண்ணநாதன் அவளை வியப்போடு பார்த்தார்.

"ஏட்டி, நெசமாச் சொல்லு. நீ யாரு பக்கம்?"

"நானா? நான் ஜெயிக்கிற பக்கம்."

இல்லறத்தில் இதைவிட இனிமையான சொல்லைத் தான் கேட்டதே இல்லை என்று அவர் நினைத்தார். அந்த இனிமையில் கூடாரத்துக்குள் போய்ப் படுத்ததும் உறங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஒரே ஒரு தடை, காப்பி. எவர்சில்வர் தம்ளரில் ஆற்றிக் குடிக்காத காப்பியைக் காப்பி என்று ஏற்பதில்லை என்பது அவர் கொள்கை. வீட்டிலிருந்து ஒரு தம்ளரைத் துண்டில் சுற்றி ஒளித்துக்கொண்டு வந்திருந்தார். குடித்தால் கழுவ வேண்டும். அவர் அதை வெளியே எடுக்கும் முன்பே நாச்சியார் சாலையோரக் கடையிலிருந்து காகித தம்ளர்களில் ஆவி பறக்க நான்கு காப்பியோடு வந்தாள். "அந்தத் துண்ட அவுக்காதிய" என்று மட்டும் சொன்னாள். பிறகு வாழையிலையில் அரிசிமாவும் வெல்லமும் தேங்காயும் ஏலமும் பிசைந்து, இலையோடு மடித்துக் கனலில் அடை சுட்டார் பால்வண்ணநாதன். நாச்சியார் வாயால் சொன்னாள்.

எட்டு மணிக்கு ஹஸீபா தோப்பைச் சுற்றிப் பார்த்து, எருக்குழியைக் குனிந்து பார்த்து, தீர்ப்புச் சொன்னாள்.

"வேளை மூணு. கழுவுன பாத்திரம் இல்ல. அண்ணாச்சி ஜெயிச்சிட்டாவ."

பால்வண்ணநாதன் கூடாரத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். ஹஸீபா கைப்பேசியை உயர்த்தினாள்.

"அண்ணாச்சி, நாலு வார்த்தை பேசுங்க. ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

"சமையல் ஒரு வேலையே இல்ல" என்று அவர் தொடங்கினார். "எல்லாம் அளவு. எல்லாம் திட்டம்."

"நாலு பேருக்குச் சரி. பத்துப் பேரு வந்தா?"

"பத்து என்ன, இருபது பேரு வரட்டும். இதே முறைதான். பெருக்கிக்கிட வேண்டியதுதான்."

"அப்ப நாச்சியார் அக்கா கூடமாட நின்னு ஒத்தாசை செய்யணுமே?"

"எதுக்கு? அவ நிம்மதியா அருவியில போய் நிக்கட்டும். சீசன் முழுக்க நிக்கட்டும். அடுக்களைய நான் பாத்துக்கிடுதேன்."

"அக்கா, கேட்டியளா?"

"கேட்டேன்" என்றாள் நாச்சியார். அவள் கீழே உட்கார்ந்து கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பி மாலையில் கைப்பேசியைத் திறந்த பால்வண்ணநாதன் திகைத்தார். அவர் பேசிய காட்சி குடும்பக் குழுவில் இருந்தது. அனுப்பியவள் நாச்சியார். அடியில் பதில்கள் வரிசையாக நின்றன. மதுரையிலிருந்து அக்கா முத்துவடிவு: "தம்பி கையால சாப்பிடணும்னு ரொம்ப நாள் ஆசை. நாளைக்குக் காலையிலேயே வாரோம், பதினோரு பேரு." தூத்துக்குடியிலிருந்து தங்கை மீனா: "நாங்க ஆறு பேர். அண்ணே, அந்தத் தேங்காச் சோறு கட்டாயம் வேணும்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நாச்சியா, பாத்தியா? பதினேழு பேரு."

"பாத்தேன்."

"பாத்திரம்னு ஒரு வார்த்தை—"

"பேச மாட்டேன். பேச்சு பேச்சுதான்."

அவள் ஏணியை எடுத்துப் பரணில் சாத்தி ஏறினாள். வெகு நேரம் பித்தளையும் எவர்சில்வரும் உரசுகிற சத்தம் கேட்டது. பெரிய பாத்திரங்களை விருந்தாளிகளுக்காக இறக்குகிறாள், ஆயிரம் சொன்னாலும் நல்ல மனசு என்று எண்ணிக்கொண்டே, பால்வண்ணநாதன் மதுரைக்குத் தொலைபேசியில் பேசினார். "வாங்க, நம்ம வீடு இருக்கு. அஞ்சே கிலோமீட்டர்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

காலை ஐந்தேகாலுக்குச் சலீம் காரை எடுத்தார். பெண்களை ஐந்தருவியில் இறக்கிவிட்டு, தோப்புக்குப் போய், பால்வண்ணநாதன் கேட்டனுப்புவார் என்று முப்பது தேங்காய் வெட்டிப் போட்டார். ஹஸீபா ஒரு புட்டி நல்லெண்ணெயும் மாற்றுத் துணியும் வாளியில் எடுத்துக்கொண்டாள். முத்துவடிவு ஆறே முக்காலுக்குப் பத்துப் பேரோடு வந்து இறங்கி, நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, "முதல்ல ஒரு காப்பி, தம்பி" என்றாள். மீனா ஏழு மணிக்கு ஐந்து பேரோடு வந்து, அண்ணனுக்கு உதவலாம் என்று அடுக்களைக்குள் போய், அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, அங்க ஒரு பாத்திரமும் இல்லையே. ஒரு கரண்டி கூட இல்ல. ஒரு தோசைக்கல்லும் இந்த அலுமினியத் தாளுந்தான் இருக்கு."

பரண் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி ஐந்தருவியில், நாச்சியாரின் முந்தானை முடிச்சில் நனைந்துகொண்டிருந்தது. அவள் பெண்கள் பக்கத்து அருவியில், கல்லில் இரு கைகளையும் ஊன்றி, இருபத்து நான்கு வருடத்துக்குச் சேர்த்து, தலையைக் கொடுத்து நின்றாள்.

பால்வண்ணநாதன் தாளை நாடாவால் அளந்தார். ஆறடி நான்கங்குலம். ஆட்கள் பதினேழு பேர், எல்லோரும் குளித்துவிட்டு வரப்போகிறார்கள். பின்கட்டுக்குப் போய் இரண்டடிக்கு இரண்டடியில் குழி வெட்டினார். சிரட்டையை அடுக்கினார். தீக்குச்சியைக் கிழித்தார். அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தார். அதுவும் அணைந்தது.

"என்ன தம்பி, சாரலா?" என்று உள்ளிருந்து முத்துவடிவு கேட்டாள்.

பால்வண்ணநாதன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"மழை, அக்கா" என்றார்.